கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் இரண்டு பாப்டிஸ்ட் ஆலயங்கள்: ஏன் இரண்டு?

ஊர்சுற்றி_சார்லட்:
கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் டென்னசி பக்கத்தில் கேட்ஸ் கோவ் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில் இருக்கும் நம்மவர்கள் பலர் கரடி பார்க்கப் போயிருப்பீர்கள். நானும் அதற்காகத்தான் போனேன். கரடி வரவில்லை. ஆனால் அந்த 11 மைல் ஒருவழிப் பாதையின் முதல் பாதியிலேயே மூன்று வெள்ளை மர ஆலயங்கள் அடுத்தடுத்து வந்தன: ஒரு பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட், ஒரு மெதடிஸ்ட், ஒரு மிஷனரி பாப்டிஸ்ட். எல்லாம் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகள்.

ஆளே இல்லாத பள்ளத்தாக்கில் மூன்று ஆலயங்கள், அதிலும் பாப்டிஸ்டுகளுக்கு மட்டும் இரண்டு. எனக்கு மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் தெரிந்தன. மெதடிஸ்ட் ஆலயத்தில் முன்பக்கம் இரண்டு கதவுகள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். உண்மையா? இவற்றில் எது பழையது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழங்கணக்கு:
முதலில் ஏன் இரண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான். 1850இல் அந்தப் பள்ளத்தாக்கில் 700 பேருக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார்கள்.

ஜான் ஆலிவர், லுக்ரீஷியா ஆலிவர் தம்பதி 1818இல் அங்கே குடியேறினார்கள். சில ஆண்டுகளில் வேறு குடும்பங்களும் வந்து சேர, 1827இல் பாப்டிஸ்ட் சபை ஒன்று அமைந்தது. அப்போதைய ஆலயம் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. அது இப்போது இல்லை. நீங்கள் பார்த்த கட்டடம் 1887இல் எழுந்தது. ஆகவே சபைக்கு ஒரு வயது, கட்டடத்துக்கு வேறு வயது. பயணக் குறிப்புகளில் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

சண்டை வந்தது 1839இல். ஞாயிறு பள்ளி, மதுவிலக்குச் சங்கம், மதம் பரப்ப ஆள் அனுப்பும் மிஷனரி சங்கம் ஆகியவை வேதத்தில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. 'இல்லை, எனவே சபைக்குள் அவற்றுக்கு இடமில்லை' என்றது ஒரு தரப்பு. ஆதரித்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேறியவர்கள் மிஷனரி பாப்டிஸ்ட் சபையானார்கள். இருந்தவர்கள் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட், அதாவது ஆதிமுறை பாப்டிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இது அந்த ஊர்ச் சண்டை மட்டுமல்ல. 1832இல் மேரிலாந்தில் பிளாக் ராக் என்ற இடத்தில் கூடிய பழைமைவாதப் பாப்டிஸ்டுகள் துண்டுப்பிரசுரச் சங்கம், ஞாயிறு பள்ளி, வேதாகமச் சங்கம், மிஷன், இறையியல் கல்லூரி எல்லாவற்றையும் வரிசையாக மறுத்து அறிக்கையே வெளியிட்டார்கள். அதன் பிறகு தெற்கிலும் மேற்கிலும் ஊர் ஊராகச் சபைகள் உடைந்தன. கேட்ஸ் கோவ் அந்த வரிசையில் ஒன்று.

தச்சுக்கோல்:
கதவு விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய கிராம ஆலயங்களில் இரண்டு வாசல் இருந்தால் ஆண் பெண் தனித்தனியாக உட்கார்ந்தார்கள் என்பது பொதுவாகச் சரி. ஆனால் இந்த மெதடிஸ்ட் ஆலயத்தில் அப்படி இல்லை. இரண்டு கதவு வைத்த வேறோர் ஆலயத்தின் வரைபடத்தை வாங்கி அப்படியே கட்டினார்கள். வரைபடத்தில் இரண்டு கதவு, கட்டடத்திலும் இரண்டு கதவு. பூங்கா நிர்வாகமே இந்த விளக்கத்தைத்தான் தருகிறது.

கட்டியவர் மெக்கேம்பெல் என்ற கொல்லர், தச்சு வேலையும் தெரிந்தவர். 1902இல் 115 நாளில், 115 டாலர் செலவில் முடித்தார் என்பது பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற கணக்கு. பின்னால் அவரே அதற்குப் போதகரும் ஆனார்.

பாப்டிஸ்ட் கட்டடத்துக்கு வருகிறேன். 1827க்கும் 1887க்கும் இடையில் என்ன மாறியது? ரம்பம். மரக்கட்டை அடுக்கிக் கட்டுவதற்குக் கோடரியும் உடல்வலுவும் போதும். மரச்சட்டம் நிறுத்திப் பலகை அடித்துக் கட்ட வேண்டும் என்றால் ஒரே தடிமனில் நூற்றுக்கணக்கான பலகைகள் வேண்டும், அதற்கு மர ஆலை வேண்டும். ஜான் கேபிளின் நீர்ச்சக்கர ஆலை மாவு அரைத்ததோடு மரமும் அறுத்தது. அந்த ஆலைப் பலகையில் 1879இல் எழுந்த கிரெக்-கேபிள் வீடுதான் பள்ளத்தாக்கின் முதல் சட்டகப் பலகை வீடு என்கிறார்கள். எட்டு ஆண்டு கழித்து ஆலயமும் அதே முறைக்கு மாறியது. 1887 என்ற ஆண்டைப் பக்தியோடு சேர்த்துப் படிப்பதைவிட மர ஆலையோடு சேர்த்துப் படித்தால் நன்றாகப் புரியும்.

இந்தக் கட்டுமான முறை தெரியாதவர்களுக்காக: தனித்தனியான கல் முட்டுகள்மேல் அடி உத்தரங்களைக் கிடத்துவார்கள். அதன்மேல் நிற்கும் சட்டங்கள். வெளிப்புறத்தில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பலகையின் அடிவிளிம்பும் முந்தையதன் தலைமேல் ஏறும்படி அடிப்பார்கள். மழை நீர் விளிம்பிலிருந்து விளிம்புக்கு வழிந்து தரைக்குப் போய்விடும். தரைக்கு அடியில் காற்று ஓடும். அந்தக் காற்றோட்டம் அடைபட்டால் முதலில் அழுகுவது அடி உத்தரம். இந்தப் பகுதி மரக் கட்டடங்களின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. கூரையைப் பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

மீசைக்காரன்:
எல்லாம் சரி. ஒரு செவ்வகப் பெட்டி, மேலே சரிவுக் கூரை, வெள்ளைச் சுண்ணாம்பு. இதைக் கட்டடக்கலை என்று அழைப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

தச்சுக்கோல்:
சுண்ணாம்பு இல்லை, எண்ணெய்ச் சாயம்.

நாசரேத்துக்காரி:
மீசைக்கார அண்ணா, பெட்டிக்குள் என்ன இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.

ஞானஸ்நானத் தொட்டி இல்லை. பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாச அறிக்கை செய்த பிறகு, தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழும் முழுக்குதான். நகரத்துப் பாப்டிஸ்ட் ஆலயங்களில் அதற்கென மேடைக்குப் பின்னால் தொட்டி கட்டியிருப்பார்கள். இங்கே ஓடைதான் தொட்டி. ஆலயத்தின் மிக முக்கியமான சடங்கு ஆலயத்துக்கு வெளியே நடக்கிறது.

ஆர்கன் இல்லை, பாடகர் குழுவுக்கு மேடை இல்லை. பிரிமிட்டிவ் பாப்டிஸ்டுகள் பொதுவாக ஆராதனையில் எந்த இசைக்கருவியும் பயன்படுத்துவதில்லை. ஒருவர் வரியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பாடுவது அவர்களுடைய பழைய முறை. வண்ணக் கண்ணாடி இல்லை. சாதாரணக் கண்ணாடி, வெளிச்சம் அப்படியே உள்ளே வரும். பலிபீடம் இல்லை. ஞாயிறு பள்ளிக்கென அறை இல்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 1839இல் எந்தக் காரணத்துக்காகச் சபை உடைந்ததோ, அந்தக் காரணத்துக்கான அறை 1887 கட்டடத்தில் இல்லை. ஒரே ஒரு அறை, பிரசங்கம் செய்பவர் நிற்க ஓரிடம், கேட்பவர்கள் உட்காரப் பலகைகள். திருவிருந்தோடு ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கும் அவர்களுக்கு உண்டு, அதற்கு முன்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கோபுரம் உயர்ந்தால் ஊரே பெருமைப்படும். நான் அப்படி வளர்ந்தவள். அதனால்தான் இந்த வெறுமை கண்ணில் படுகிறது. இது வேண்டுமென்று வைத்த வெறுமை.

தச்சுக்கோல்:
அக்கா, இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இல்லாததை எல்லாம் கொள்கைக் கணக்கில் எழுதிவிட்டால், பணம் இல்லாததை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆர்கனை மலைமேல் எப்படிக் கொண்டுபோவார்கள்? வண்ணக் கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பார்கள்? உள்ளே சுவர்ப் பலகைக்குச் சாயமே அடிக்கவில்லை, வெறும் மரம். சிலர் அதற்கும் எளிமை, தாழ்மை என்று விளக்கம் எழுதுகிறார்கள். தச்சனைக் கேட்டால் வேறு சொல்வான்: வெளியே மழை அடிக்கிறது, சாயம் வேண்டும், உள்ளே மழை இல்லை, சாயம் வீண்.

மேலும், மெதடிஸ்டுகளுக்கு ஞாயிறு பள்ளியும் ஆகும், மிஷனும் ஆகும், குழந்தை ஞானஸ்நானமும் ஆகும். அவர்களும் அதே பெட்டியைத்தானே 115 டாலருக்குக் கட்டினார்கள்? கொள்கை வேறு, கட்டடம் ஒன்று என்றால், கட்டடத்தைத் தீர்மானித்தது கொள்கை இல்லை.

நாசரேத்துக்காரி:
தம்பி, கட்டடம் ஒன்றா? மெதடிஸ்ட் ஆலயக் கூரைமேல் ஒரு சிறு கோபுரம் நிற்கிறதே. மெதடிஸ்டுகளும் அதே மலைக்காரர்கள்தான், கையில் அவர்களுக்கும் காசு இல்லை. ஆனாலும் கோபுரம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் கூரையில் கோபுரம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. காசில்லாதவன் வைக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். வைக்கக்கூடியது எது என்று தெரிந்தும் வைக்காமல் விட்டது எது என்று பார்க்க வேண்டும். ஆர்கன் விஷயத்திலும் அப்படித்தான். அந்த மலைகளில் பிடில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆர்கன் ஏற முடியாத மலையில் பிடில் ஏறியதே, அது ஏன் ஆலயத்துக்குள் நுழையவில்லை?

உள்சாயம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு இறையியல் தேவையில்லை.

மீசைக்காரன்:
பிடில் வாதம் வலுவானது. தச்சுக்கோலுக்கு இந்தச் சுற்றில் தோல்வி.

பழங்கணக்கு:
சுற்று முடிவதற்குள் அமெரிக்க உள்நாட்டுப் போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் இந்த ஆலயத்தின் கதையில் பாதி போய்விடும்.

டென்னசி மாநிலம் 1861இல் நாட்டிலிருந்து பிரிந்துபோய், அப்படிப் பிரிந்த தென் மாநிலங்களின் தெற்குக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆனால் கிழக்கு டென்னசி மலைப்பகுதி அதை எதிர்த்து வாக்களித்தது. கேட்ஸ் கோவ் பிரிமிட்டிவ் பாப்டிஸ்டுகள் பெரும்பாலும் ஒன்றிய அரசின் பக்கம். மலைக்கு அந்தப் பக்கம் வட கரோலினா. அங்கிருந்து தெற்குக் கூட்டமைப்பின் கலகப்படைக் கும்பல்கள் இறங்கி மாடு, தானியம், குதிரை என்று வாரிக்கொண்டு போவார்கள். சபை கூடுவது நின்றது.

போர் முடிந்ததும் சபைப் பதிவேட்டில் ஒரு விளக்கம் எழுதினார்கள். நாங்கள் ஏன் கூடவில்லை என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கிறோம் என்று தொடங்கி, கலகத்தின் காரணமாகத்தான், நாங்கள் ஒன்றிய ஆதரவாளர்கள், இங்கே கலகக்காரர்களின் கை ஓங்கியிருந்தது, எங்கள் போதகர் சில வேளைகளில் ஊரைவிட்டே போக நேர்ந்தது என்று போகிறது அது. வருத்தம் தெரிவிக்கும் தொனியே இல்லை, கணக்கு ஒப்படைக்கும் தொனி.

ஆலயத்துக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ரஸ்ஸல் கிரெகரியின் கல் இருக்கிறது. அங்குள்ள கிரெகரி பால்ட் என்ற மொட்டை மலைமுகட்டுக்கு இவர் பெயர்தான். 1864இல் கலகப்படையின் கொள்ளைக் கும்பலை ஊர்க்காரர்கள் மறித்து விரட்டினார்கள். அதன் பிறகு கலகக்காரர்கள் கிரெகரியைச் சுட்டுக் கொன்றார்கள். வட கரோலினா கலகக்காரர்களால் கொலை செய்யப்பட்டார் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அமைதியாக இளைப்பாறுகிறார் என்ற வழக்கமான வாசகத்தைத் தேடிப் போனவர்களுக்கு இந்தக் கல் நல்ல அதிர்ச்சி தரும். ஜான், லுக்ரீஷியா ஆலிவர் தம்பதியும் அதே தோட்டத்தில்தான்.

மிஷனரி பாப்டிஸ்ட் சபையும் போரில் கூடாமல் நின்றது. மறுபடி கூடியபோது தெற்குக் கூட்டமைப்பு ஆதரவாளர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வெகுகாலம் சொந்தக் கட்டடமே இல்லை. 1894இல்தான் ஹயட் குன்றில் ஓர் ஆலயம் கட்டினார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது 1915ஆம் ஆண்டுக் கட்டடம்.

ஊர்சுற்றி_சார்லட்:
கரடி வராததே நல்லதாகப் போயிற்று. அப்படியானால் இவ்வளவு பிடிவாதமான சபைகள் எங்கே போயின? கட்டடம் இருக்கிறது, ஆள் இல்லை.

தென்றல்_நாக்ஸ்வில்:
இதை நான் சொல்கிறேன், பக்கத்து ஊர்க்காரி. சபை தானாகக் கலையவில்லை, ஊரைக் கலைத்தார்கள்.

1920களில் பூங்காவுக்காக நிலம் வாங்கத் தொடங்கினார்கள். முதலில் கேட்ஸ் கோவ் மக்களின் நிலத்தைத் தொட மாட்டோம் என்று அரசியல்வாதிகள் உறுதி சொன்னார்கள். 1927இல் டென்னசி சட்டமன்றம் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் கொடுத்தது. முதல் குடியேறி ஜான் ஆலிவரின் கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர், பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையின் போதகர், தபால்காரரும்கூட. அவர் வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 1937 கிறிஸ்துமஸ் நாளில் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறினார்.

மிஷனரி பாப்டிஸ்ட் சபை 1944இல் மூடப்பட்டது. பிரிமிட்டிவ் பாப்டிஸ்டுகள் மட்டும் 1960கள் வரை, பூங்கா நிர்வாகத்துக்குப் பிடிக்காமலேயே, வந்து அங்கே கூடிக்கொண்டிருந்தார்கள். நாசரேத்துக்காரி அக்காவின் கட்சிக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: மிஷனும் வேண்டாம், சங்கமும் வேண்டாம், அரசாங்கம் சொன்னாலும் போக மாட்டோம்.

எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. 1940களில் கேட்ஸ் கோவை வரலாற்றுப் பகுதியாகப் பாதுகாக்க முடிவெடுத்தபோது பூங்கா நிர்வாகம் மரக்கட்டைக் குடில்களையும் களஞ்சியங்களையும் வைத்துக்கொண்டு, பிற்காலப் பலகை வீடுகளை இடித்துவிட்டது. பயணிகளுக்கு முன்னோடிக் காலக் காட்சி வேண்டும் அல்லவா! கடைசி ஐம்பது ஆண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்கள் பலகை வீட்டில், கண்ணாடி ஜன்னலோடு, மற்ற அமெரிக்கக் கிராமத்தார் மாதிரி வாழ்ந்தார்கள் என்பதற்கு இன்று நிற்கும் சாட்சிகள் மிகச் சில. அவற்றில் முக்கியமானவை இந்த மூன்று ஆலயங்கள். மரக்குடிலைப் பார்த்துவிட்டு 'ஐயோ, 1930 வரை இப்படியா இருந்தார்கள்' என்று வியப்பவர்களை நான் ஆலயத்துக்குள் போய்ப் பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

தச்சுக்கோல்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல வந்தேன். தென்றல் சொன்ன விதம் நன்றாக இருக்கிறது. அந்தப் பலகை அவர்கள் எந்தக் காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்கிறது. பக்தியைத் தேட அதைவிட நல்ல இடம் பதிவேடும் கல்லறையும்.

கீழைக்காற்று:
எல்லோரும் 1818 என்று தொடங்குகிறீர்கள். அது செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களிடமிருந்து அந்தப் பகுதியை எடுத்த கல்ஹூன் ஒப்பந்தமே 1819இல்தான். அதாவது ஆலிவர் குடும்பம் வந்தபோது சட்டப்படி அது அவர்கள் வரக்கூடிய இடமே அல்ல. முதல் குளிர்காலத்தில் உலர்த்திய பூசணிக்காய் கொடுத்து அவர்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது செரோக்கிகள் என்று ஆலிவர் குடும்பக் கதையே சொல்கிறது. 1838இல் செரோக்கிகளைப் படைவைத்து மேற்கே துரத்தினார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சபை எதற்காக உடைந்தது? ஞாயிறு பள்ளி வேதத்தில் இருக்கிறதா என்பதற்காக!

பிறகு நூறு ஆண்டு கழித்து அரசு வந்து அந்தக் குடியேறிகளின் நிலத்தைப் பிடுங்கியது. ஆலிவர் போதகருக்காக வருத்தப்படுகிறவர்கள் பட்டியலை அவரிலிருந்து தொடங்க வேண்டாம்.

பழங்கணக்கு:
கீழைக்காற்று சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை.

மிஷன் சண்டையில் நம் பக்கத்து இழை ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பாப்டிஸ்டுகளுக்குள் அயல்நாட்டு மிஷன் என்ற பேச்சே பெரிதாகக் கிளம்பியது இந்தியாவில் நடந்த ஒரு காரியத்தால். அடோனிராம் ஜட்சன், லூதர் ரைஸ் இருவரும் 1812இல் கப்பலேறியபோது பாப்டிஸ்டுகள் அல்லர். கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு பாப்டிஸ்டுகள் ஆனார்கள். ஜட்சன் பர்மா போனார். ரைஸ் பணம் திரட்ட ஊர் திரும்பினார். அதன் விளைவாக 1814இல் பிலடெல்பியாவில் மிஷனுக்கான தேசிய மாநாடு அமைந்தது. அந்த அமைப்புகளின் வசூலாளர்கள் கிராமம் கிராமமாக வந்ததைப் பார்த்துத்தான் மலைநாட்டு மூப்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சம்பளம் வாங்காமல் உழுது சாப்பிட்டுப் பிரசங்கம் செய்தவர்கள் அவர்கள்.

அதே பணத்தில் வந்தவர்தான் சாமுவேல் டே என்ற மிஷனரி. 1836இல் விசாகப்பட்டினம், 1837இல் மதராஸ், 1840இல் நெல்லூர். கேட்ஸ் கோவில் சபை உடைந்த 1839இல் அவர் மதராஸில் இருந்தார். அந்தத் தெலுங்கு மிஷனில் பிறகு ஓங்கோல் பக்கம் 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பஞ்சத்தை ஒட்டிய காலம், பெரும்பாலும் மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். அது தனி இழைக்குரிய விஷயம்.

நாசரேத்துக்காரி:
ஓங்கோலுக்கு அவசியம் தனி இழை தொடங்குங்கள் ஐயா. அங்கேயும் ஆற்றில்தான் முழுக்கு; தொட்டி இல்லை.

மீசைக்காரன்:
பெட்டி என்று சொன்னது நான்தான் என்பதால் கேட்கிறேன். அடுத்த முறை போனால் எதைப் பார்க்க வேண்டும்? நேராகச் சொல்லுங்கள்.

தச்சுக்கோல்:
பலகையில் ரம்பத் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் போகும் ரம்பம் நேர்க்கோடுகளை விடும், வட்ட ரம்பம் வில் போன்ற கோடுகளை விடும். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நன்றாகத் தெரியும். ஆணித் தலையையும் பாருங்கள். வெட்டு ஆணிக்குச் சதுரத் தலை, கம்பி ஆணிக்கு வட்டத் தலை. 1890ஐ ஒட்டித்தான் அமெரிக்காவில் கம்பி ஆணி முந்தியது. 1887க்கும் 1915க்கும் இடைப்பட்ட வேறுபாட்டை அந்த ஒரே பாதையில் இரண்டு கட்டடங்களில் தேடலாம். ஆனால் மாற்றிப் போட்ட பலகை, புது ஆணி எல்லாம் இருக்கும். ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிறகு வெளியே வந்து குனிந்து கல் முட்டைப் பாருங்கள். ஏன் என்று மேலே எழுதிவிட்டேன்.

நாசரேத்துக்காரி:
இவர் ஆணியைப் பார்க்கச் சொல்கிறார். நீங்கள் பிரிமிட்டிவ் ஆலயத்துக்குள் போய் ஒரு பாட்டு பாடிப் பாருங்கள். வாத்தியம் இல்லாமல். திரை, கம்பளம், மெத்தை எதுவும் இல்லாத மர அறையில் குரல் எப்படித் திரும்பி வருகிறது என்று கேளுங்கள்.

தென்றல்_நாக்ஸ்வில்:
போகும் நாளைப் பார்த்துப் போங்கள். மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் அந்தப் பாதையில் கார் விடுவதில்லை. சைக்கிள் அல்லது நடை மட்டும். மற்ற நாட்களில், குறிப்பாக அக்டோபர் இலைக்காலத்தில், ஒரு கரடிக்காக முப்பது கார் நிற்கும். பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் பிரதான பாதையிலிருந்து இடப்புறம் சரளைக்கல் கிளைப்பாதை பிரியும், தவற விட்டால் ஒருவழிப் பாதையில் திரும்பி வர முடியாது.

மார்ச்சில் போனால் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு எதிர்ப்புறம் டாஃபடில் பூக்களைப் பாருங்கள். 1930களில் அங்கே முகாமிட்டிருந்த அரசு வேலைத்திட்டப் படையின் இளைஞர்கள் தங்கள் கம்பெனி எண் 5427ஐப் பூங்கிழங்குகளால் எழுதி நட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் பூக்கிறது. பாதி எழுத்து புல்லில் கலந்துவிட்டது, கொஞ்சம் நின்று பார்த்தால்தான் எண் பிடிபடும்.